மலபார் ஹில்லில் ஒரு கொலை, கோஹினூரில் ஒரு படம்

கொழும்பில் ஊமைப்படக் காலம்: ஒன்பதாம் பகுதி

படமாளிகை நடத்திய மதன் கம்பெனியார் கொழும்பில் காலூன்றிய கதையைச் சென்ற பகுதியில் சொன்னேன். இந்தப் பகுதி பெரும்பாலும் ஓர் ஆண்டைச் சுற்றியே நிற்கும். 1925. அந்த ஆண்டு ஜனவரியில் பம்பாயில் ஒரு கொலை நடந்தது. ஆண்டு முடிவதற்குள் அது ஊமைப்படமாகிவிட்டது. அதே ஆண்டில்தான் இலங்கையில் எடுக்கப்பட்ட முதற்படமும் உருவாயிற்று. இவை தனித்தனியே பல முறை எழுதப்பட்டவை. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான், இராமாயணமும் பாரதமும் பார்த்துப் பழகிய கண்கள் எப்படித் தம் காலத்துக் கதையைத் திரையில் தேடத் தொடங்கின என்பது விளங்குகிறது.

முதலில் அந்தக் கண்களுக்குரியவர்களைப் பார்த்துவிடுவோம். கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகப் பக்கம் இறங்கினால் ஜிந்துப்பிட்டி. நடைதூரத்தில் செட்டியார் தெருவின் நகைக்கடைகளும் கதிரேசன் கோயில்களும். இன்னொரு பக்கம் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். பொன்னம்பல இராமநாதன் கருங்கல்லில் எடுப்பித்த பொன்னம்பலவாணேசர் கோயிலும், 1902இல் தொடங்கிய விவேகானந்த சபையும் அதிக தூரமில்லை. ஜிந்துப்பிட்டிக்கென்றே சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கிறது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், கடைச் சிப்பந்தி, கணக்கப்பிள்ளை, மலையாளி, பரதர், சோனகர், கொழும்புச் செட்டி, சிங்களக் கத்தோலிக்கர் என்று எல்லாரும் தோளுரசி வாழ்ந்த இடம். ஜிந்துப்பிட்டி நாடகக் கொட்டகையின் பெயர் தமிழ் நாடக வரலாற்றிலும் வருகிறது, நூர்த்தி என்ற சிங்கள நாடக வரலாற்றிலும் வருகிறது. ஒரே மேடையை இரண்டு மொழியும் ஆண்டிருக்கின்றன. இந்த ஒரு செய்திக்காகவே அந்தக் கொட்டகையை நாம் இன்னும் அதிகமாக நினைக்க வேண்டும்.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபின் தமிழ்நாட்டு நாடகக் கம்பெனிகள் கொழும்புக்கு வருவது எளிதாயிற்று. ரயில், கப்பல், மறுபடி ரயில். திரைச்சீலையும் ஆர்மோனியமும் ஜரிகை உடுப்புமாக இறங்குவார்கள். வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி. இரவு தொடங்கினால் விடியும்வரை பாட்டு. 1926இல் எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் சந்தித்தது இந்தக் கொழும்பில்தான். மேடையில் முருகனும் வள்ளியுமாய் நின்றவர்கள் மறுவருடம் மணமக்களானார்கள். அப்படிப்பட்ட குரல்களைக் கேட்டுப் பழகியவர்களுக்கு வாய் அசையும், ஓசை வராத ஒரு படம் எதைத் தந்திருக்க முடியும்?

குரலை அதனால் தர முடியவில்லை. முகத்தைத் தந்தது. மேடையில் நாற்பதடி தூரத்தில் நின்ற முகத்தைக் கைக்கெட்டும் தொலைவுக்குக் கொண்டுவந்தது. இன்னொன்றும் தந்தது, எனக்கு அதுதான் பெரிது. மோட்டார் வண்டி, டெலிபோன், கைத்துப்பாக்கி, ரயில் நிலையம், ஹோட்டல் அறை. பவளக்கொடி நாடகத்தில் இவற்றுக்கு இடமில்லை. ஊமைப்படத்தில் இவை இல்லாமல் கதையே இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த தொடர்படங்களில் எடி போலோ ஓடும் வண்டியில் தாவினான். பேர்ல் வைட் ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் சாவின் விளிம்பில் நின்றாள். அடுத்த வாரம் வந்து பார்த்தால்தான் பிழைத்தாளா என்று தெரியும்.

கொலையும் துப்பறிதலும் நம்மவர்களுக்குப் புதியவை என்று யாரும் எண்ண வேண்டாம். திரையில் வருமுன்பே அச்சில் வந்துவிட்டன. ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் நாவல்களில் முதன்முதலாகப் பெருங்கூட்டத்தைக் கூட்டியவற்றில் ஒன்று. காதல், கொலைப்பழி, கோவிந்தன் என்ற துப்பறிவாளன். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் அந்தப் பாதையை அகலப்படுத்தினார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்குக் கொலைச்சிந்து இருந்தது. எங்கேனும் ஒரு கொலை நடந்தால் அதைச் சிந்தாகக் கட்டி, மலிவுத் தாளில் அச்சடித்து, சந்தையிலும் ரயிலிலும் பாடி விற்பார்கள். கொலையுண்டவர் யார், கொன்றவர் யார், எந்தப் பெண்ணின் பொருட்டு, என்ன தீர்ப்பு என்ற நான்கு கேள்விக்கும் பதில் அதில் இருக்கும். மர்மப்பட ரசிகர் அந்தச் சிந்தின் முன்னால் நின்றபோதே பிறந்துவிட்டார் என்பது என் முடிவு.

இனி பம்பாய்க்குப் போவோம்.

1925 ஜனவரி 12, மாலை இருட்டிய நேரம். மலபார் ஹில் பம்பாயின் செல்வர்கள் குடியிருக்கும் மேடு. அங்கே ஒரு மோட்டார் வண்டி மெல்லப் போகிறது. உள்ளே அப்துல் காதர் பாவ்லா என்ற இளம் வணிகர். வயது 25. மாநகரின் பெரிய பணக்கார முஸ்லிம் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். பக்கத்தில் மும்தாஜ் பேகம். வயது 22. பாவ்லாவின் மேலாளரும் கூட இருக்கிறார். பின்னால் வந்த சிவப்பு மாக்ஸ்வெல் வண்டி இவர்கள் வண்டியை இடித்து நிறுத்துகிறது. இறங்கியவர்கள் மும்தாஜைக் கொடு என்று கேட்கிறார்கள். பாவ்லா மறுக்கிறார். சுடுகிறார்கள். மும்தாஜை இழுக்கிறார்கள், அவள் திமிறுகிறாள், முகத்தில் கத்தி பாய்கிறது.

அந்த நேரத்தில் கோல்ஃப் விளையாடிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஆங்கிலேயப் படை அதிகாரிகள் சிலர் அந்தப் பாதையில் வந்தார்கள். வழி தவறித் திரும்பியதால் வந்தவர்கள். அவர்களில் சேகர்ட் என்ற லெஃப்டினன்ட் கையிலிருந்த கோல்ஃப் மட்டையோடு பாய்ந்தார். தோட்டா பட்டும் விடவில்லை. தாக்க வந்தவர்களில் சிலர் அங்கேயே பிடிபட்டார்கள். பாவ்லா சில மணி நேரத்தில் மருத்துவமனையில் இறந்தார். மும்தாஜ் பிழைத்தாள்.

கதைக்காரன் ஒருவன் இப்படி எழுதியிருந்தால், வழி தவறி வரும் அதிகாரியை நம்ப மாட்டோம் என்று வாசகர் சொல்லியிருப்பார். ஆனால் வழக்கின் அடிப்படையே அந்தத் தவறிய வழிதான். அவர்கள் வராமலிருந்தால் மும்தாஜ் அன்றிரவே பம்பாயைவிட்டுக் கடத்தப்பட்டிருப்பாள். கொலை நடந்த இடத்தில் ஒரு பிணம் மட்டும் மிஞ்சியிருக்கும்.

யார் சுட்டார்கள் என்பதில் மர்மமே இருக்கவில்லை. பிடிபட்டவர்கள் இந்தோர் சமஸ்தானத்தோடு தொடர்புடையவர்கள். மர்மம் அவர்களுக்குப் பின்னால் இருந்தது. யார் அனுப்பியது? மும்தாஜ் இந்தோர் மகாராஜா மூன்றாம் துக்கோஜிராவ் ஹோல்கரின் அரண்மனையில் இருந்தவள். நாட்டியப் பெண்ணாகப் போய் அந்தப்புரத்தில் அடைபட்டவள். போகுமிடமெல்லாம் காவல் தொடர்ந்தது என்று அவள் நீதிமன்றத்தில் சொன்னாள். அரண்மனையில் தனக்குப் பிறந்த பெண்குழந்தையைத் தாதியர் கொன்றுவிட்டார்கள் என்றும் சொன்னாள். முசூரிக்கு அழைத்துப் போகும் வழியில் டில்லியில் இறங்கி, இனி திரும்ப மாட்டேன் என்று நின்றிருக்கிறாள். அங்கிருந்து அமிர்தசரஸ், பிறகு பம்பாய். பம்பாயில் அவளுக்கு இடங்கொடுத்தவர் பாவ்லா. அவளை அனுப்பிவிடும்படி அவருக்கு எச்சரிக்கைகள் வந்தன. அவர் அனுப்பவில்லை.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்று தோன்றுகிறது. இந்த வழக்கை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மகாராஜாவையும் வைரத்தையும் மோட்டார் வண்டியையும் எழுதுகிறார்கள். மும்தாஜை ஓர் அழகியாக மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அவள் வேறு விதமாகத் தெரிகிறாள். பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு சமஸ்தான மன்னரின் அரண்மனைக்குள் நடந்ததை, முகத்தில் வெட்டுக்காயங்களோடு பம்பாய் உயர்நீதிமன்றத்தில் ஏறி, ஜூரர்கள் முன்னால் சொன்ன பெண் அவள். அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பதை அந்த ஆண்டின் அரசியலை அறிந்தவர்களே உணர முடியும்.

வழக்கை நீதிபதி கிரம்ப் விசாரித்தார். அரசு தரப்பில் பம்பாயின் அட்வகேட் ஜெனரல் ஜம்ஷெட்ஜி காங்கா நின்றார். குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் ஆனந்தராவ் பான்சே என்ற இந்தோர் சர்தாருக்காக வாதாடியவர் முகம்மது அலி ஜின்னா. பம்பாய்ப் போலீஸ் கமிஷனர் பாட்ரிக் கெல்லியின் புலனாய்வுக்கு மேலிடங்களிலிருந்து நெருக்கடி வந்தது என்பதும், அவர் வளையவில்லை என்பதும் அந்நாளிலேயே பேசப்பட்ட செய்தி. மூவருக்குத் தூக்கு என்று தீர்ப்பாயிற்று. பான்சே உள்ளிட்ட சிலருக்கு ஆயுள் முழுவதும் நாடு கடத்தல். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன மேல்முறையீடு தோற்றது.

மகாராஜா குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை. விசாரணைக் குழுவை எதிர்கொள்வது, அல்லது அரியணையை விட்டிறங்குவது என்று அரசாங்கம் அவர்முன் இரண்டு வழிகளை வைத்தது. 1926 பிப்ரவரியில் மகன் யஷ்வந்த்ராவுக்கு முடியைக் கொடுத்துவிட்டு அவர் விலகினார். அனுப்பியது யார் என்ற கேள்விக்கு எந்த நீதிமன்றமும் பதில் எழுதவில்லை.

இந்தக் கொலையைத்தான் பம்பாயின் கோஹினூர் ஃபிலிம் கம்பெனி ‘குலீன் காந்தா’ என்ற படமாக்கியது. இயக்கியவர் ஹோமி மாஸ்டர். பார்சி நாடக மேடையிலிருந்து வந்தவர். அந்த மேடைதான் கொழும்புக்கும் நூர்த்தியைக் கொண்டுவந்து சேர்த்தது என்பதைத் தொடரின் தொடக்கத்தில் பார்த்திருக்கிறோம். ஆகவே அவர் நமக்கு முற்றிலும் அந்நியரல்லர்.

கோஹினூரை நடத்தியவர் துவாரகாதாஸ் சம்பத். துணிந்த மனிதர். 1921இல் ‘பக்த விதுர்’ எடுத்தபோது மகாபாரத விதுரருக்குக் கதர் உடுத்தி, காந்தித் தொப்பி வைத்து, தாமே அந்த வேடத்தில் நடித்தார். சென்னை மாகாணம் படத்தைத் தடை செய்தது. புராணத்துக்குள் நிகழ்காலத்தை ஒளித்து வைப்பது சம்பத்துக்குக் கைவந்த வித்தை என்பதற்கு அது சான்று. நான்கு ஆண்டுகளுக்குப் பின் அவர் ஒளிப்பதை விட்டார். செய்தித்தாளில் நேற்று வந்ததை இன்று படமாக்கினார்.

ஆனால் முழுவதும் விட முடியவில்லை. 1922இல் ஒரு சட்டம் வந்திருந்தது. சமஸ்தான மன்னர்கள்மீது வெறுப்பையோ அதிருப்தியையோ மூட்டும் எழுத்துகளைக் குற்றமாக்கிய சட்டம். மத்திய சட்டசபை ஏற்க மறுத்ததால், வைஸ்ராய் ரீடிங் தமக்குள்ள தனியதிகாரத்தால் அதை நிறைவேற்றினார். படங்களுக்கு 1918இன் சினிமாச் சட்டமும் அதன்கீழ் 1920இல் பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் நகரங்களில் அமைந்த தணிக்கைக் குழுக்களும் இருந்தன. படத்தின் பெயரிலேயே அந்த எச்சரிக்கை தெரிகிறது. இந்தோர் இல்லை, ஹோல்கர் இல்லை, பாவ்லா இல்லை, மும்தாஜும் இல்லை. ‘குலீன் காந்தா’ என்ற பெயர் எந்தக் குடும்பக் கதைக்கும் பொருந்தும். பார்த்தவர்களுக்கு அது பாவ்லா கொலைப்படம்தான்.

ஊமைப்படத்தில் ஒரு கொலை மர்மத்தைச் சொல்வதன் கஷ்டத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். துப்பறியும் கதை பேச்சால் ஆனது. விசாரணை, குறுக்கு விசாரணை, வாக்குமூலம் எல்லாம் சொல்லில்தான் நடக்கும். படமோ பேசாது. இடையிடையே எழுத்துப் பலகை வரும். பம்பாய்ப் படங்களில் ஒரே பலகையில் குஜராத்தி, இந்தி, உருது, ஆங்கிலம் என்று மூன்று நான்கு மொழியில் வரி இருக்கும்; தெற்கே அனுப்பும் பிரதிகளில் தமிழும் தெலுங்கும் சேரும். நான்கு மொழிக்கு இடம் விட வேண்டும் என்றால் ஒரு மொழிக்கு எத்தனை சொல் கிடைக்கும்? ஆகவே ஊமைப்பட இயக்குநர் சாட்சியத்தைக் காட்சியாக்கியாக வேண்டும். கடிதத்தை அருகில் காட்ட வேண்டும். கதவிடுக்கில் ஒரு கண்ணைக் காட்ட வேண்டும். சந்தேகத்தை நடிகையின் முகத்தில் ஓட விட வேண்டும். இன்று நாம் த்ரில்லர் படத்தில் ரசிக்கும் பல உத்திகள், வாய் கட்டப்பட்டிருந்த அந்தக் காலத்தின் தேவையிலிருந்து பிறந்தவை.

படத்துக்கும் பார்ப்பவருக்கும் நடுவே கொட்டகையில் ஓர் ஆள் நின்றார். எழுத்துப் பலகையை உரக்க வாசித்து, கதையை விளக்கி, சில நேரம் பாத்திரங்களுக்குத் தாமே வசனமும் சேர்த்துச் சொல்பவர். பக்கத்தில் ஆர்மோனியமும் தபலாவும். துப்பாக்கி வெடித்தால் தாளவாத்தியம் அதிர வேண்டும். கையால் சுற்றும் இயந்திரம். ஒரே ஓர் இயந்திரம் உள்ள இடத்தில் ஒவ்வொரு சுருள் முடிந்தபின்னும் விளக்கு எரியும். ஒரு சுருள் ஏறக்குறைய ஆயிரம் அடி, கால் மணி நேரம். கொலைகாரன் கையை ஓங்கிய இடத்தில் சுருள் முடிந்தால், அடுத்த சுருள் மாட்டும்வரை கொட்டகையே ஊகம் செய்யும். விளக்குபவர் கெட்டிக்காரராயிருந்தால் அந்த ஊகத்தை ஊதி வளர்ப்பார். வாயில்லாப் படத்துக்கு ஊரெல்லாம் வாய் இருந்தது.

திரையில் அந்தப் பெண் வேடங்களை ஏற்றவர்கள் யார் என்பதும் இந்தக் கதையில் சேர வேண்டியது. ‘நல்ல குடும்பத்துப் பெண்’ காமிராமுன் நிற்கக் கூடாது என்ற காலம் அது. கோஹினூரிலும் பிற கம்பெனிகளிலும் நாயகியரானவர்களில் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் யூதப் பெண்களும் கலைக்குடும்பத்துப் பெண்களும் மிகுதி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த ரூபி மையர்ஸ் கோஹினூருக்கு வந்து சுலோசனா ஆனார். 1926இல் அவர் நடித்த ‘டெலிபோன் கேர்ள்’, ‘டைப்பிஸ்ட் கேர்ள்’ இரண்டும் வேலைக்குப் போகும் நகரத்துப் பெண்ணைப் பற்றியவை. அவரோடு நடித்தவர் நம் புதுக்கோட்டைக்காரர். பெயர் நாகலிங்கம். உடற்பயிற்சியில் வல்லவராய்ப் பம்பாய் சென்று ராஜா சாண்டோ ஆனவர். அவரைப் பற்றிக் கடைசியில் மறுபடி சொல்வேன்.

இப்போது கொழும்புக்குத் திரும்புவோம், அதே 1925க்கு.

டி. ஏ. ஜே. நூர்பாய் என்ற வணிகர் இங்கே ‘ராஜகீய விக்ரமய’ என்ற படத்தை எடுப்பித்தார். ஆங்கிலத்தில் ‘ராயல் அட்வென்ச்சர்’. இயக்கம் குப்தா. இளவரசனாக நடித்த இளைஞர் என். எம். பெரேரா. ஆம், 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவராகி, பின் இந்நாட்டின் நிதியமைச்சரான அதே கலாநிதி என். எம். பெரேராதான். கதாநாயகி சிபில் பீரிஸ். இலங்கையில் எடுக்கப்பட்ட முதல் கதைப்படம் இது என்று எல்லா வரலாறும் சொல்கிறது. ஆனால் இலங்கையர் அதைப் பார்க்கவில்லை. பம்பாயிலும் சிங்கப்பூரிலும் திரையிட்டார்கள். கொழும்பில் காட்டுமுன்பே படச்சுருள் தீக்கிரையாயிற்று.

அந்நாளைய படச்சுருள் நைட்ரேட் கலந்த செலுலாய்ட். ஒரு பொறி போதும். எரியத் தொடங்கினால் தண்ணீரிலும் அணையாது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே வெளியிட்டு எரியும் பொருள் அது. கோஹினூர் நிறுவனமே 1923இல் பெருந்தீயில் தன் பழைய நெகட்டிவ்களை இழந்தது. எரியாதவற்றை வெப்பமும் ஈரமும் தின்றன. மிஞ்சியதை, அதிலுள்ள வெள்ளிக்காகக் கரைத்து விற்றார்கள். இந்தியாவில் எடுக்கப்பட்ட 1,300க்கு மேற்பட்ட ஊமைப்படங்களில் இன்று முழுமையாகவோ துண்டாகவோ மிஞ்சியவை முப்பதைத் தாண்டா. ‘குலீன் காந்தா’ அவற்றில் இல்லை. ‘ராஜகீய விக்ரமய’வும் இல்லை. ஒரே ஆண்டின் இரண்டு படங்கள். ஒன்று ஒரு நகரின் வெட்கத்தை அந்த நகரத்துக்கே காட்டியது. மற்றது தான் பிறந்த நாட்டுக்குத் தன் முகத்தைக் காட்டாமலே போயிற்று.

அதன்பின் இலங்கை ஊமைப்படம் எடுப்பதை முற்றாகக் கைவிட்டுவிடவில்லை. பேசும்படம் வந்து சில ஆண்டுகள் கழிந்தபின் வெளிவந்த ‘பலிகனீம’ ஊமைப்படந்தான். அதன் பெயரே பழிவாங்கலைச் சொல்கிறது. தமிழில் ‘காளிதாஸ்’ 1931 அக்டோபரில் பேசிப் பாடியதை நினைத்தால், நாம் எவ்வளவு பின்னால் நின்றோம் என்பது தெரியும். சிங்களம் திரையில் பேச 1947 ஜனவரி ஆயிற்று. அந்த முதற் சிங்களப் பேசும்படத்தைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். அது வேறு பகுதிக்குரிய கதை.

பம்பாய்க் குற்றக்கதை நீதிமன்றத்திலிருந்து வந்தது. தெற்கே அதே காலத்தில் வேறொருவர் குற்றக்கதையை நம் கரையிலிருந்தே எடுத்தார். அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே. சி. டேனியல். நிலத்தை விற்றுப் பணம் திரட்டி, திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்ற கம்பெனியை நிறுவி, ‘விகதகுமாரன்’ என்ற ஊமைப்படத்தை எடுத்தவர். மலையாளத் திரையின் முதற்படமாக இன்று கொண்டாடப்படுவது அது. திரையிட்ட ஆண்டை 1928 என்று சிலரும் 1930 என்று சிலரும் எழுதுகிறார்கள்.

கதையைக் கேளுங்கள். திருவிதாங்கூரில் ஒரு பணக்காரரின் மகன் சந்திரகுமார். பூதநாதன் என்ற கொடியவன் அவனைச் சிறுவயதில் இலங்கைக்குக் கடத்துகிறான். இங்கே தோட்டத்தில் கூலியாளாக வளர்கிறான் பையன். வெள்ளைக்கார முதலாளியின் அன்பைப் பெற்று மேற்பார்வையாளனாகிறான். அவன் உறவினன் ஜெயச்சந்திரன் இலங்கைக்கு வர, பூதநாதன் அவனிடமும் கொள்ளையடிக்கிறான். ஒருவரையொருவர் யாரென்று அறியாமலே இருவரும் நண்பராகி ஊர் திரும்புகிறார்கள். ஜெயச்சந்திரனுக்கும் சந்திரகுமாரின் தங்கை சரோஜினிக்கும் காதல். பூதநாதன் அவளையும் தூக்கிச் செல்ல முயல, இளைஞர்கள் மீட்கிறார்கள். சந்திரகுமாரின் முதுகிலுள்ள தழும்பு அவன் யாரென்பதைச் சொல்லிவிடுகிறது. மர்மம், குற்றம், காதல் மூன்றும் இதில் உண்டு. முடிச்சு இலங்கையில் இருக்கிறது.

தென்னிந்தியக் கதைக்காரருக்கு அன்று இலங்கை என்பது ஆள் காணாமற்போகும் இடம். அதில் பொய்யில்லை. மண்டபம் முகாமில் அடைபட்டு, கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கித் தோட்டத்துக்குப் போன எத்தனையோ பேரைப் பற்றி ஊரில் பின்னர் ஒரு செய்தியும் வரவில்லை. துறைமுகத்தில் வேலை கிடைத்து ஜிந்துப்பிட்டியில் தங்கிவிட்டவர்களுக்கும் அக்கரையில் காத்திருந்த தாய்மார் உண்டு. டேனியல் கற்பனையாக எழுதியது பல குடும்பங்களுக்கு நடப்பு. பணக்கார வீட்டுப் பையன் என்பதால் அவனுக்குத் தழும்பு கைகொடுத்தது.

சரோஜினியாக நடித்தவர் பி. கே. ரோசி. புலையர் குலத்தில் பிறந்த ஏழைப் பெண். திரையில் அவர் நாயர் பெண்ணாகத் தோன்றினார். திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் படத்தைத் தொடங்கி வைத்தவர் மள்ளூர் கோவிந்தப்பிள்ளை என்ற புகழ்பெற்ற வழக்கறிஞர். ரோசி வந்தால் தாம் வர முடியாது என்று பெரியவர்கள் சொன்னதால், தம் படத்தைப் பார்க்க ரோசிக்கு அனுமதியில்லை. அவர் திரையில் தோன்றியதும் கூச்சல் எழுந்தது, கல் பறந்தது, திரை கிழிந்தது. பிறகு அவர் வாழ்ந்த குடிசையைத் தாக்கினார்கள். ஊரைவிட்டு ஓடியவரை ஒரு லாரி ஓட்டுநர் காப்பாற்றினார். அவரையே மணந்து, நாகர்கோவில் பக்கம் இராஜம்மாள் என்ற பெயரில் தமிழ்ப் பெண்ணாக வாழ்ந்து முடித்தார். அதன்பின் அவர் நடிக்கவில்லை. டேனியலும் இன்னொரு கதைப்படம் எடுக்கவில்லை. கடனாளியாகிப் பல் மருத்துவம் பார்த்துப் பிழைத்து, 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் மறைந்தார்.

மும்தாஜையும் ரோசியையும் நான் ஒரே பகுதியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஊமைப்பட வரலாற்றை எழுதுபவர்கள் இயந்திரத்தையும் முதலாளியையும் முதற்படம் எது என்ற வழக்கையும் எழுதுகிறார்கள். அந்தப் படங்களின் நடுவில் நின்ற பெண்களுக்கு ஆனதை ஓரிரு வரியில் முடித்துவிடுகிறார்கள். ஒருத்தியின் வாழ்க்கை படமாயிற்று. அவளைக் கேட்டு யாரும் எடுக்கவில்லை. மற்றொருத்தி படத்தில் வாழ்ந்தாள். அதற்காக அவள் வீட்டை இழந்தாள். குற்றத்தைக் காட்டிய படங்கள் இரண்டும் மறைந்தன. மும்தாஜ் கூண்டில் ஏறிச் சொன்ன சாட்சியம் உயர்நீதிமன்றப் பதிவில் இன்றும் இருக்கிறது. ரோசிக்கு அந்தப் பதிவுகூட இல்லை. தலித் எழுத்தாளர்களும் மலையாளத் திரை ஆய்வாளர்களும் பிற்காலத்தில் தேடித் தேடித்தான் அவரை மீட்டார்கள்.

1927இல் இந்திய அரசாங்கம் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் சினிமாவை விசாரிக்க ஒரு குழு அமைத்தது. குழுமுன் 353 பேர் சாட்சி சொன்னார்கள். குற்றப் படங்களும் காதற்படங்களும் மக்களைக் கெடுக்கின்றனவா என்பது அங்கே திரும்பத் திரும்ப எழுந்த கேள்வி. 1928இல் வந்த அறிக்கை, அப்படிப் பதறத் தேவையில்லை என்ற பக்கமே சாய்ந்தது. நல்ல முடிவு. ஆனால் படம் பார்த்தவர் கெட்டாரா என்று கேட்டவர்கள், படத்தில் நடித்தவர் பாதுகாப்பாக இருந்தாரா என்பதற்கு அதே அளவு இடம் கொடுத்திருக்க வேண்டும்.

ராஜா சாண்டோவுக்கு வருகிறேன். கோஹினூரில் நகரத்துக் காதற்கதைகளில் நடித்துத் தேர்ந்த அந்த மனிதர் 1930இல் சென்னைக்கு வந்து ஊமைப்படங்களை இயக்கினார். அவற்றில் ‘அநாதைப் பெண்’ வை. மு. கோதைநாயகி அம்மாளின் நாவல். துப்பறியும் நாவலும் எழுதிய பெண் எழுத்தாளர் அவர் என்பதை நினைவில் வையுங்கள். பின் படம் பேசத் தொடங்கியதும், 1935இல் சாண்டோ வடுவூராரின் ‘மேனகா’வை டி. கே. எஸ். சகோதரர்களைக் கொண்டு எடுத்தார். புகுந்த வீட்டாரால் விற்கப்படும் ஒரு பெண்ணின் கதை. அதே ஆண்டில் ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ நாவலும் திரைக்கு வந்தது. புராணம் கோலோச்சிய தமிழ்த் திரையில் சமூகக் கதை நுழைந்த வாசல்களில் ஒன்று இந்தக் குற்றக்கதைதான். கொலைச்சிந்து கேட்டவரும், துப்பறியும் நாவலை வாடகைக்கு வாங்கி வாசித்தவரும், ஊமைப்படத்தில் சுருள் மாறும்வரை ஊகித்துக் கிடந்தவரும் ஒரே ஆள். அவர் மாறவில்லை, அவர் கேட்ட கதைக்குக் குரல் வந்தது.

அந்தக் குரல் கொழும்பில் ஒலிப்பதற்கான மண்டபங்களைக் கட்டியவர் ஒரு யாழ்ப்பாணத் தமிழர். சிற்றம்பலம் ஏபிரகாம் கார்டினர். 1928இல் அவர் தொடங்கிய சிலோன் தியேட்டர்ஸ், மதன் கம்பெனியின் பிடியிலிருந்து கொழும்புப் படமாளிகைகளை எப்படித் தன் கைக்குக் கொண்டுவந்தது என்பதை அடுத்த பகுதியில் எழுதுகிறேன்.